வெப்ஸ்டரின் எழுத்துக்கூட்டு நூல்: ஆங்கில அசைப்பிரிப்பும் அழுத்தமும்

அமெரிக்க அகராதியாசிரியர் நோவா வெப்ஸ்டர் (1758–1843) பள்ளிக் குழந்தைகளுக்காக 1783-ல் எழுத்துக்கூட்டு நூல் ஒன்றை வெளியிட்டார். நீல நிற அட்டையுடன் அச்சாகி வந்ததால் அது 'நீல அட்டைப் புத்தகம்' என்றே அறியப்பட்டது. பல பதிப்புகளாகவும் வேறு வேறு தலைப்புகளிலும் கோடிக்கணக்கில் விற்ற இந்நூல், நீண்ட ஆங்கிலச் சொற்களை அசை அசையாகப் பிரித்துப் படிக்கும் வழக்கத்தை அமெரிக்கப் பள்ளிகளில் நிலைபெறச் செய்தது. இன்றைய ஆங்கில அகராதிகளில் தலைச்சொல்லின் நடுவே காணப்படும் புள்ளிகளுக்கும் இந்த வழக்கத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. வெப்ஸ்டரின் பிரிப்பு எதற்காகச் செய்யப்பட்டது, எங்கே அது சரியாக வேலை செய்கிறது, எங்கே மாணவரைத் தவறான வழியில் விடுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

'அசை' என்னும் சொல் இங்கே ஒலியியல் பொருளில், அதாவது ஆங்கிலத்தில் 'சிலபிள்' எனப்படுவதைக் குறிக்க, ஆளப்படுகிறது. தமிழ் யாப்பில் வரும் அசை வேறு. 'புகைப்படம்' என்னும் சொல் யாப்பின்படி புகைப்-படம் என நிரை நிரையாக இரண்டு அசை. ஒலியியல்படி பு-கைப்-ப-டம் என நான்கு. தமிழ் இலக்கணம் படித்த மாணவர் ஆங்கிலச் சொல்லை அசைபிரிக்கும்போது இந்த வேறுபாட்டை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இல்லையெனில் எண்ணிக்கையே தவறிவிடும்.

டில்வொர்த்தின் முறை

வெப்ஸ்டருக்கு முன்பு அமெரிக்கக் குடியேற்றங்களில் பரவலாக இருந்தது, லண்டன் வாப்பிங் பகுதியில் ஆசிரியராக இருந்த தாமஸ் டில்வொர்த் எழுதி 1740-ல் வெளிவந்த ஆங்கில வழிகாட்டி நூல். பெஞ்சமின் பிராங்க்ளின் இதை 1747-ல் பிலடெல்பியாவில் மறுபதிப்புச் செய்தார். வெப்ஸ்டரும் டில்வொர்த்தின் முறையில் படித்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர்தான்.

டில்வொர்த் சொற்களைப் பிரித்த விதத்துக்கு அடிப்படை லத்தீன் இலக்கணம். இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு மெய் வந்தால் அது பின்னுள்ள உயிருடன் சேரும் என்பது அந்த விதி. ஒரு சொல்லின் தொடக்கத்தில் நிற்கக்கூடிய மெய்க்கூட்டம் சொல்லின் நடுவே வந்தாலும் அது முழுமையாகப் பின் அசைக்கே போகும். இதன்படி பிஷப் (ஆயர்) என்ற சொல்லில் முதல் இரண்டு எழுத்து ஒரு பக்கமும் மீதி மறுபக்கமும் நிற்கும். க்ளஸ்டர் (கொத்து), நாஸ்ட்ரில் (மூக்குத்துளை) ஆகிய சொற்களிலும் 'எஸ்' என்ற எழுத்து முதல் அசையில் சேராமல் இரண்டாம் அசைக்குப் போய்விடும்.

படிக்கத் தெரிந்தவருக்கு இதில் தொல்லை இல்லை. படிக்கக் கற்கும் குழந்தைக்கு உண்டு. ஆங்கில எழுத்துமுறையில் உயிரெழுத்தோடு முடியும் அசையை நெடிலாக ஒலிப்பது பொது வழக்கம். ஆகவே டில்வொர்த் பிரித்துக் கொடுத்தபடி படிக்கும் குழந்தை பிஷப்பை 'பை-ஷப்' என்றும், க்ளஸ்டரை 'க்ளூ-ஸ்டர்' என்றும், நாஸ்ட்ரிலை 'நோ-ஸ்ட்ரில்' என்றும் ஒலிக்க வாய்ப்பு மிகுதி. பிறகு ஆசிரியர் திருத்த வேண்டும். புத்தகம் சொல்வது ஒன்று, ஆசிரியர் சொல்வது ஒன்று.

இதைவிட விந்தையானது நேஷன் (நாடு), மோஷன் (இயக்கம்) போன்ற சொற்களை அந்நூல் நடத்திய விதம். இவற்றின் கடைசி நான்கு எழுத்து சேர்ந்து 'ஷன்' என ஓரசையாகவே ஒலிக்கின்றன. டில்வொர்த்தில் அவை இரண்டு அசை. லத்தீனில் அப்படித்தான் என்பது காரணம். ஈரசைச் சொல்லான நேஷனைக் குழந்தை மூன்றாகப் பிரித்துப் படித்துவிட்டு, வாயால் சொல்லும்போது இரண்டாகச் சொல்ல வேண்டியிருந்தது.

காதுக்கு ஏற்ற பிரிப்பு

1782-ல் நியூயார்க் மாநிலத்தின் கோஷன் என்னும் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது வெப்ஸ்டர் தம் நூலை எழுதத் தொடங்கினார். அடுத்த ஆண்டு கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்டில் அது அச்சாயிற்று. சொல்லை எப்படி ஒலிக்கிறோமோ அப்படியே பிரிக்க வேண்டும் என்பது அவர் முன்னுரையில் வைத்த வாதம். அவ்வாறு பிரித்தால் மிகச் சிறிய குழந்தைகூட உச்சரிப்பில் தவற வழியில்லை என்று அவர் கருதினார். ஆகவே பிஷ்-அப், க்ளஸ்-டர், நாஸ்-ட்ரில் எனப் பிரித்தார். 'ஷன்' என்ற ஈற்றை ஓரசையாக்கினார். உயிர் ஒலிகளுக்கு மேலே எண்கள் இட்டார். ஒலிக்காத எழுத்துகளைச் சாய்வெழுத்தில் அச்சிட்டார்.

பழைய முறைக்குப் பழகியவர்கள் சும்மா இருக்கவில்லை. 1780-களில் 'டில்வொர்த்தின் ஆவி' என்ற புனைபெயரில் ஒருவர் செய்தித்தாளில் வெப்ஸ்டரைத் தாக்கி எழுதினார். செத்துப்போன ஆசிரியர் கல்லறையிலிருந்து எழுந்துவந்து சண்டையிடும் அளவுக்கு ஓர் இடைக்கோடு முக்கியமாக இருந்த காலம் அது.

வெப்ஸ்டரின் பிரிப்புக்குப் பின்னால் உண்மையான ஒலியியல் காரணம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அழுத்தம் பெற்ற அசை குறுகிய உயிருடன் முடிந்துவிடாது. 'பிட்', 'கப்', 'பெட்' போன்ற ஓரசைச் சொற்களில் வரும் குற்றுயிர்கள் மெய் இல்லாமல் சொல்லிறுதியில் தனித்து நிற்பதில்லை. அவற்றுக்குப் பின்னால் ஒரு மெய்யின் தாங்கல் தேவைப்படுகிறது. பிஷப்பின் முதல் அசை அழுத்தம் பெற்றது. அதன் உயிரும் குறுகியது. ஆகவே அது அடுத்துள்ள மெய்யைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. வெப்ஸ்டர் இதை விதியாக எழுதவில்லை. வகுப்பறையில் குழந்தைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துச் செய்தார் எனலாம். 1990-ல் லாங்மன் உச்சரிப்பு அகராதியை வெளியிட்ட பிரிட்டிஷ் ஒலியியலாளர் ஜே. சி. வெல்ஸ், இரண்டு அசைகளுக்கு நடுவிலுள்ள மெய் அவற்றில் அழுத்தம் கூடிய அசையுடன் சேரும் என்ற கொள்கையைப் பின்பற்றினார். இருநூறு ஆண்டுக்கு முன்பே கிராமப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அதே பக்கம் சாய்ந்திருக்கிறார் என்பது கவனத்துக்குரியது.

இதிலிருந்து தெரிவது, அசையைப் பிரிப்பதும் அழுத்தத்தைக் கண்டறிவதும் இரண்டு தனி வேலைகள் இல்லை என்பது. அழுத்தம் எங்கே என்று தெரியாமல் ஆங்கிலச் சொல்லைச் சரியாகப் பிரிக்க முடியாது. இதற்கு மிகத் தெளிவான சான்று, பெயராகவும் வினையாகவும் ஒரே எழுத்துக்கூட்டுடன் வரும் சொற்கள். பதிவு என்ற பொருளில் வரும் ரெக்கார்ட் என்னும் பெயர்ச்சொல்லில் அழுத்தம் முதலசையில் இருப்பதால் 'சி' என்ற எழுத்து முதலசையுடன் சேர்கிறது: ரெக்-அர்ட். பதிவு செய் என்ற வினையில் அழுத்தம் இரண்டாம் அசைக்கு மாற, அந்த எழுத்தும் கூடவே நகர்ந்துவிடுகிறது: ரி-கார்ட். பரிசு என்ற பொருளில் ப்ரெஸ்-அன்ட், வழங்கு என்ற பொருளில் ப்ரி-சென்ட். எழுத்து ஒன்றும் மாறவில்லை, பிரிப்பு மாறிவிட்டது.

ஃபோட்டோகிராஃப் (புகைப்படம்) குடும்பத்தில் இதே நகர்வை நீண்ட சொல்லில் காணலாம். ஃபோட்டோகிராஃப் என்பதில் அழுத்தம் முதலசையில்: ஃபோ-ட-கிராஃப். புகைப்படக்கலை என்னும் பொருள்படும் சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போகிறது: ஃப-டாக்-ர-ஃபி. முதல் சொல்லில் மூன்றாம் அசையின் தலையில் இருந்த 'ஜி' என்ற எழுத்து இப்போது இரண்டாம் அசையின் கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டது. முதலில் 'ஃபோ' என முழுதாக ஒலித்தது 'ஃப' என மங்கிவிட்டது. 'ஃபோட்டோகிராஃபி' என எல்லா அசைகளையும் ஒரே எடையில் சொல்லும் தமிழர் உச்சரிப்பில் இந்த மூன்று மாற்றங்களும் காணாமல் போகின்றன.

எட்டசைச் சொற்களின் அட்டவணை

வெப்ஸ்டரின் நூல் சொற்களை அசை எண்ணிக்கையின்படியும் அழுத்தம் விழும் இடத்தின்படியும் அட்டவணைகளாகத் தொகுக்கிறது. முதலசையில் அழுத்தம் பெறும் ஈரசைச் சொற்கள், இரண்டாம் அசையில் அழுத்தம் பெறும் மூவசைச் சொற்கள் என்று அவை ஏறிக்கொண்டே போகும். இத்தகைய தொகுப்பு முறை அவருக்கு முந்திய நூல்களிலும் உண்டு. 1829-ல் திருத்தி வெளியிட்ட பதிப்பில் ஆறாம் அசையில் அழுத்தம் பெறும் எட்டசைச் சொற்கள் வரை அவர் போகிறார். 'இன்காம்ப்ரிஹென்ஸிபிலிட்டி' (புரிந்துகொள்ள இயலாமை) அவற்றுள் ஒன்று. எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல் எதற்கு என்ற கேள்வி எழத்தான் செய்யும். ஆனால் அட்டவணையின் நன்மை சொல்லின் பொருளில் இல்லை, தாளத்தில் இருக்கிறது. ஒரே இடத்தில் அழுத்தம் பெறும் இருபது சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக உரக்கப் படிக்கும் பிள்ளைக்கு அந்தத் தட்டு காதில் பதிந்துவிடுகிறது. வாய்பாடு படிப்பது போன்றதுதான். நூலின் மிகச் சிறந்த பகுதி இது.

குறைகளும் இங்கேதான் இருக்கின்றன. முதலாவது, வெப்ஸ்டர் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அழுத்தக் குறிதான் இடுகிறார். நீண்ட ஆங்கிலச் சொல்லில் முதன்மை அழுத்தம் ஒன்று இருக்க, அதற்கு முன்னால் துணை அழுத்தம் ஒன்றோ இரண்டோ வரும். மேற்சொன்ன எட்டசைச் சொல்லில் 6-ஆம் அசையான 'பில்' முதன்மை அழுத்தம் பெறுகிறது. 2-ஆம் அசையான 'காம்', 4-ஆம் அசையான 'ஹென்' ஆகியவை துணை அழுத்தம் பெறுகின்றன. இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் சொல் தானாக நடக்கும்: காம், ஹென், பில் என மூன்று தட்டு. மீதி ஐந்து அசையும் அவற்றுக்கு இடையில் ஓடிவிடும். ஒரே ஒரு குறி மட்டும் இருந்தால், பிள்ளை முதல் ஐந்து அசைகளையும் சம எடையுடன் ஏறிக் கடந்து ஆறாவதை அடைய வேண்டும்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. அழுத்தம் பெறாத அசையின் உயிர் ஆங்கிலத்தில் மங்கிவிடும். ஒலியியலாளர் 'ஷ்வா' என அழைக்கும் அந்த மங்கிய உயிரே ஆங்கிலப் பேச்சில் மிகுதியாக வருவது. வெப்ஸ்டரின் பிரிப்பில் எல்லா அசைகளும் ஒரே அளவு எழுத்தில், ஒரே இடைவெளியில் நிற்கின்றன. வகுப்பறையில் அவற்றைப் படித்த முறையும் இதை உறுதிப்படுத்தியது. ஐ, என் - இன். சி, ஓ, எம் - காம். இன்காம் என்று ஒவ்வோர் அசையையும் எழுத்துக்கூட்டி, முழுதாக ஒலித்து, முன்னதோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டே போவார்கள். இப்படிப் பழகிய நாக்கு அசையை மங்கவிடத் தயங்கும். செயலர் என்னும் பொருளுடைய சொல்லை இங்கிலாந்தில் பலர் 'செக்-ர-ட்ரி' என மூன்றசையாகச் சுருக்க, அமெரிக்கர் 'செக்-ர-டெ-ரி' என நான்காகச் சொல்கின்றனர். இந்தப் பழக்கத்தில் எழுத்துக்கூட்டு நூலுக்கும் பங்குண்டு எனக் கருதும் ஆங்கில மொழி வரலாற்றாசிரியர்கள் உள்ளனர். அங்கே அது ஒரு வட்டார வழக்காக ஏற்கப்பட்டுவிட்டது. ஆனால் அசைகளை எப்போதுமே மங்கவிடாத தமிழ்ச் செவிக்கு, அதே முறை இருக்கும் சிக்கலைக் கூட்டுகிறது.

'பேக்கர்' என்னும் சொல்லின் கதை

ஈரசைச் சொற்களின் அட்டவணை 1829-ஆம் ஆண்டு நூலில் பேக்கர் (ரொட்டி சுடுபவர்) என்ற சொல்லுடன் தொடங்குகிறது. ஓரசைச் சொற்களை முடித்து அந்தப் பக்கத்தை எட்டுவது பள்ளிப் பிள்ளைக்கு ஒரு மைல்கல். 'பேக்கர் வரைக்கும் படித்தவன்' என்பது ஒருவரது படிப்பின் அளவைச் சொல்லும் பேச்சு வழக்காகவே அமெரிக்காவில் நிலவியது.

வெப்ஸ்டர் அச்சொல்லைப் பே-கர் எனப் பிரித்தார். முதலசையின் உயிர் நெடிது. ஆகவே அதற்கு மெய்யின் தாங்கல் தேவையில்லை. அவர் கொள்கைப்படி இது முற்றிலும் சரி.

வெப்ஸ்டர் இறந்தபின் அவரது அகராதியின் உரிமையை ஸ்பிரிங்ஃபீல்டைச் சேர்ந்த மெரியம் சகோதரர்கள் வாங்கினர். இன்றைய மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அந்த வழியில் வந்தது. அதில் இந்தச் சொல்லைத் தேடினால் தலைச்சொல்லில் புள்ளி 'கே' என்ற எழுத்துக்குப் பின்னால் நிற்கிறது: பேக்-அர். சுடு என்னும் வினைப்பகுதி ஒருபுறம், 'அர்' என்னும் விகுதி மறுபுறம். அதே பதிவில், அடுத்து வரும் உச்சரிப்புக் குறிப்பில் பே-கர் என்றே இருக்கிறது. ஒரே சொல், ஒரே பதிவு, இரண்டு பிரிப்பு.

பிஷப்பைத் தேடினால் இன்னும் வேடிக்கை. தலைச்சொல்லில் வெப்ஸ்டரின் பிரிப்பு: பிஷ்-அப். உச்சரிப்புக் குறிப்பில் பி-ஷப். இது டில்வொர்த் பிரித்த இடம்! க்ளஸ்டருக்கும் அப்படியே, க்ள-ஸ்டர் என்று உச்சரிப்புக் குறிப்பில் இருக்கிறது. எந்த நூலை ஒழிக்க வெப்ஸ்டர் பேனா எடுத்தாரோ அந்த நூலின் பிரிப்பு, அவர் பெயரைத் தாங்கிய அகராதியில் உச்சரிப்பாகத் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் இப்போது அதனால் யாரும் 'பை-ஷப்' எனப் படிக்கப்போவதில்லை. உச்சரிப்புக் குறியீட்டில் ஒவ்வோர் உயிருக்கும் தனி அடையாளம் இருப்பதால், கோடு எங்கே விழுந்தாலும் உயிர் மாறாது.

வெப்ஸ்டரின் சாதனையை எடைபோட இதுவே சரியான இடம். அவருக்கு அசையின் எல்லையைக் கண்டுபிடிப்பது நோக்கமாக இருந்ததாகத் தெரியவில்லை. ஐந்தாறு உயிரெழுத்தை வைத்துக்கொண்டு அதைப்போல் இரு மடங்குக்கும் மேலான உயிரொலிகளை எழுதும் ஒரு மொழியில், எந்த இடத்தில் குறில், எந்த இடத்தில் நெடில் என்று குழந்தைக்குச் சொல்ல அவர் இடைக்கோட்டைப் பயன்படுத்தினார். ஊன்றுகோலாக அது நன்றாகவே உதவியது. அதை ஆங்கில அசையின் இலக்கணமாக எடுத்துக்கொண்டால் பிழையாகிவிடும்.

அகராதிப் புள்ளிகள் சொல்வது என்ன

தலைச்சொல்லின் புள்ளிகள் அச்சுக்கோப்பவருக்கானவை. வரியின் இறுதியில் சொல் முறிய நேர்ந்தால் எங்கே முறிக்கலாம் என்று அவை காட்டுகின்றன. மெரியம்-வெப்ஸ்டர் தன் விளக்கக் குறிப்பில் இதைச் சொல்கிறது. ஆனால் விளக்கக் குறிப்பைப் படிப்பவர் எத்தனை பேர்?

ஒற்றை எழுத்தை வரியின் இறுதியிலோ தொடக்கத்திலோ தனித்து விடக்கூடாது என்பது அச்சு மரபு. ஆகவே, 'அகெய்ன்' (மீண்டும்) ஈரசைச் சொல்லாக இருந்தும் அதில் புள்ளியே கிடையாது. 'ஐடியா' மூன்று அசை. அதிலும் புள்ளி இல்லை. 'எலக்ட்ரிசிட்டி' (மின்சாரம்) என்பதைப் புள்ளிகள் நான்காக வெட்டுகின்றன, ஒலிப்பில் அது ஐந்து: இ-லெக்-ட்ரி-சி-டி. வெப்ஸ்டர் 1828-ல் வெளியிட்ட பேரகராதியின் தலைப்பிலேயே உள்ள 'அமெரிக்கன்' என்ற சொல்லும் இப்படித்தான். நான்கு அசை, மூன்று துண்டு.

பிரிட்டிஷ் அச்சு மரபு வேறு. அங்கே சொல்லின் பிறப்பையும் உறுப்புகளையும் பார்த்து முறிப்பது பழைய வழக்கம். அறிவு என்னும் பொருளுடைய 'நாலெட்ஜ்' அமெரிக்க அச்சில் 'எல்' என்ற எழுத்துக்குப் பின் முறியும். பிரிட்டிஷ் அச்சில் அதற்கு முன் முறியும், 'அறி' என்னும் வினை முழுதாக நிற்க வேண்டும் என்பதற்காக. ஒலிப்பில் இரு நாட்டாருக்கும் அது ஈரசைதான்.

கணினிக்கும் இந்தச் சிக்கல் வந்தது. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் லியாங் 1983-ல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் ஆங்கிலச் சொற்களை முறிக்க 4447 எழுத்துக்கோலங்களை உருவாக்கினார். டோனால்ட் க்னூத்தின் 'டெக்' அச்சுக்கோப்பு மென்பொருள் அவற்றைப் பயன்படுத்துகிறது. விதிக்கு அடங்காதவை என 14 சொற்கள் தனியாகச் சேர்க்கப்பட்டன. அவற்றுள் 'ப்ரெசென்ட்', 'ப்ராஜெக்ட்' ஆகிய இரண்டும் எந்த இடத்திலும் முறியக்கூடாத சொற்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. பெயரா வினையா என்று எழுத்தை மட்டும் பார்த்துக் கணினியால் சொல்ல முடியாது. அழுத்தம் தெரியாதபோது முறிக்காமல் விடுவதே நேர்மை.

ஒலியியலாளர்களிடையேயும் ஒத்த கருத்து இல்லை. தொடக்கத்தில் நிற்கக்கூடிய மெய்களையெல்லாம் பின் அசைக்கே கொடுப்போர் ஒரு சாரார். வெல்ஸைப் போல அழுத்தத்தின் பக்கம் சேர்ப்போர் மறு சாரார். டேனியல் கான் 1976-ல் அளித்த ஆய்வேட்டில், சில மெய்கள் இரண்டு அசைக்கும் பொதுவானவை என்றார். பிஷப்பின் நடு மெய் அவ்வகை. அதைப் பிளந்து ஒரு கோடு போடச் சொன்னால், எங்கே போட்டாலும் பாதி சரிதான். அசை எத்தனை, அழுத்தம் எங்கே என்ற இரண்டில் பெரும்பாலும் சண்டை இல்லை. கோடு எங்கே என்பதில்தான் சண்டை.

தமிழ் மாணவருக்கு

தமிழ்நாட்டுப் பள்ளி ஆங்கிலப் பாடத்தில் சொற்களை ஓரசை, ஈரசை, மூவசை, பல்லசை என வகைப்படுத்தும் பயிற்சியும் அசைபிரித்து எழுதும் பயிற்சியும் இடம்பெற்றதுண்டு. இங்கே ஒரு மாணவி கைபேசி அகராதியில் எலக்ட்ரிசிட்டியைத் தேடுகிறாள் என்று கொள்வோம். மூன்று புள்ளிகளைப் பார்த்து நான்கு அசை என எழுதுகிறாள். விடை தவறு. அகராதியும் பொய் சொல்லவில்லை, அவள் கேட்காத கேள்விக்கு அது விடை தந்தது. தமிழ் அச்சில் வரி முறியும் இடத்தில் இடைக்கோடு இடும் பழக்கம் பெரும்பாலும் இல்லை. எந்த எழுத்துக்குப் பின்னும் சொல் அடுத்த வரிக்குப் போய்விடலாம். ஆகவே புள்ளி என்பது அச்சுக்கானது என்ற எண்ணமே தமிழ் வாசகருக்கு எழாது. ஒலிக்கானது என்றே கொள்வார்.

மறுபுறம், கோடுகளைச் சரியான இடத்தில் போட்டு முழு மதிப்பெண் பெற்ற மாணவரும் அந்தச் சொல்லை நேர்முகத் தேர்வில் தவறாக ஒலிக்கலாம். கோடு அழுத்தத்தைக் காட்டாது. தமிழில் சொல்லழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் அதைத் தேடும் பழக்கமும் நமக்கு இல்லை. ஆங்கிலம் கேட்பவரோ முதலில் அழுத்தத்தையே பிடிக்கிறார். அது இடம் மாறினால் மற்ற ஒலிகள் சரியாக இருந்தும் சொல் புரியாமல் போகலாம்.

வெப்ஸ்டரின் அட்டவணைகள் அழுத்தம் விழும் இடத்தைக் காட்டினவே தவிர ஏன் அங்கே விழுகிறது என்று விளக்கவில்லை. ரோஜர் கிங்டன் (1958), எரிக் ஃபட்ஜ் (1984) ஆகியோரின் நூல்கள் இதை விகுதிகளின்வழி வகைப்படுத்தின. நீண்ட சொற்களில் பெரும்பகுதிக்கு ஈற்றைப் பார்த்தாலே போதும். 'ஷன்', 'இக்', 'இட்டி', 'இக்கல்' என முடிந்தால் அழுத்தம் அந்த ஈற்றுக்கு நேர் முந்திய அசையில் விழும். எலக்ட்ரிக் என்பதில் இரண்டாம் அசையான 'லெக்' அழுத்தம் பெறுகிறது. 'இட்டி' சேர்ந்து எலக்ட்ரிசிட்டி ஆனதும் மூன்றாவதான 'ட்ரி'க்கு நகர்கிறது. 'லஜி', 'கிராஃபி' என முடிபவற்றில் கடைசியிலிருந்து மூன்றாவது அசை: ப-யா-ல-ஜி (உயிரியல்) என்பதில் 'யா', புகைப்படக்கலையில் 'டாக்'. விலக்குகள் உண்டு. எண்கணிதம் என்னும் பொருளுடைய அரித்மெட்டிக் 'இக்' என முடிந்தும் இரண்டாம் அசையான 'ரித்' மீதே அழுத்தம் கொள்கிறது. பாலிடிக்ஸ் (அரசியல்) முதலசையில். இவற்றைத் தனியே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகவே வகுப்பறையில் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். முதலில் ஈறு, பிறகு முதன்மை அழுத்தம். அதிலிருந்து பின்னோக்கி இரண்டு அசைக்கு ஒன்றாகப் பெரும்பாலும் கிடைக்கும் துணை அழுத்தம். மற்ற அசைகளை மங்கவிட்டுச் சொல்லிப் பார்த்து, எத்தனை என்று விரலில் எண்ணுவது. ப்ரனன்ஸியேஷன் (உச்சரிப்பு) என்ற சொல்லையே எடுத்துக்கொண்டால்: ஈறு 'ஷன்', அதற்கு முந்திய 'ஏ' முதன்மை அழுத்தம், இரண்டு அசை பின்னே 'னன்' துணை அழுத்தம். ப்ர-னன்-ஸி-ஏ-ஷன், ஐந்து அசை. அகராதியின் உதவி வேண்டுமானால் தலைச்சொல்லின் புள்ளிகளை விட்டுவிட்டு, அடுத்துள்ள உச்சரிப்புக் குறிப்பில் மேலே ஒரு சிறு கோடு, கீழே ஒரு சிறு கோடு எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். மேற்கோடு முதன்மை அழுத்தம், கீழ்க்கோடு துணை அழுத்தம். இரண்டும் அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் நிற்கும். வெப்ஸ்டரின் நூலிலோ குறி அசைக்குப் பின்னால் நிற்கிறது. பழைய நூல்களை இணையத்தில் படிப்போர் இதைக் கவனிக்காவிட்டால் ஒவ்வொரு சொல்லிலும் அழுத்தம் ஓர் அசை தள்ளிப்போய்விடும்.